அடுத்தவர் வேதனையை அளக்க முடியுமா?

கேள்வி: முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல்போன நண்பரைப் பார்க்க வருபவர்கள், "இதெல்லாம் ஒரு வாழ்க்கையா" என்கிறார்கள். அவரோ நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: நண்பரை. வருபவர்கள் தங்களுக்கு அடிபட்டால் முதல் நாள் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிறார்கள். அவர் அந்த நாளைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். கண்ணசைவைத் தவிர உடல் முழுக்கச் செயலிழந்தவர்களிடம் நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் அப்படி இல்லை என்றும் தெரிவித்தார்கள். அந்த 18 பேரின் குறைகளைத்தான் கவனிக்க வேண்டும்: மனப்பதற்றம், வெளியே போய்வர வழியின்மை, பொழுதுபோக்கின்மை, பேச்சு திரும்பாதது. இவற்றில் பலவற்றுக்கு மற்றவர்களால் உதவ முடியும். ஆகவே "எப்படித்தான் தாங்குகிறீர்களோ" என்று அங்கலாய்க்காமல், "இந்த வாரம் எங்கே போக முடியாமல் போனது?" என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால், "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வங்கப் பஞ்சத்துக்குப் பின், 1944-ல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உடல்நலம் சரியில்லை அல்லது சுமார் என்றவர்கள், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம், கணவரை இழந்த பெண்களில் 2.5 சதவீதம் மட்டுமே. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் நலமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தன் வலியைக் கணக்கில் வைக்கவே இடம் கிடைக்காதவர் குறை சொல்லமாட்டார். இங்கே வெளியாளின் கண் தேவை. ஆனால் அந்தக் கண் பார்க்க வேண்டியது எடை, காயம், தூக்கம், சாப்பாடு, கையில் இருக்கும் பணம் ஆகியவற்றை. "நலமா?" என்றால் "நலம்" என்றுதான் வரும். தனியாக இருக்கும்போது, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்டது யார்?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

கேள்வி: மறதி நோய் முற்றிப் பேச்சே நின்றுவிட்டவருக்கு வலி இருப்பதை எப்படி அறிவது?

பதில்: ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 (சிரமம் தெரியவில்லை) முதல் 2 (மிகுந்த சிரமம்) வரை மதிப்பெண், மொத்தம் 10. அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் பார்ப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு. புரட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் பார்த்தால்தான் வலி தெரியும். வலி இருக்கலாம் என்பதைத்தான் இந்த எண் சொல்லும்; எவ்வளவு வலி என்பதைச் சொல்லாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வலிமாத்திரை கொடுத்திருந்தால், ஒரு மணி நேரம் கழித்து அதேபோல் புரட்டி மறுபடி மதிப்பெண் போடுங்கள். இரண்டு எண்களையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.