கப்பலில் ஞாயிறு பூசை வைப்பது யார்?

திருகோணமலைக்கு வரும் உல்லாசக் கப்பல்களில் ஃபாதர் இருப்பாரா, பூசை நடக்குமா என்பது கேள்வி.

சில கப்பல்களில் இருப்பார். பயணம் முடியும்வரை கப்பலில் தங்கி, பூசை வைத்து, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் கத்தோலிக்கக் குருவே கப்பல் குரு. தனிக் கோயில் பெரும்பாலும் இருக்காது. நாடக அரங்கிலோ கூட்ட அறையிலோ மேசை போட்டுப் பூசை நடக்கும். நிலாவெளிப் பக்கம் குரு தங்காத சிற்றாலயத்துக்குப் பங்குத்தந்தை வந்துபோவாரே, அதுபோலத்தான்.

ஏன் தேவை? ஞாயிறு பூசை கத்தோலிக்கருக்குக் கடமை. அதைக் குருவானவரே ஒப்புக்கொடுக்க முடியும். ஆனால் பயணிகளைவிடப் பணியாளர்களுக்குத்தான் அவர் அதிகம் தேவை என்பேன். பிலிப்பைன்ஸ், கோவாக்காரர் பலர் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைக்கிறார்கள். வேலை முடிந்து நள்ளிரவில்கூட அவர்களுக்குப் பூசை வைப்பதுண்டு. இவர்களைப் போன்ற கடலோடிகளுக்காகவே 1920இல் கிளாஸ்கோவில் ஒரு கத்தோலிக்கப் பணி தொடங்கியது. இன்று அதன் பெயர் ஸ்டெல்லா மாரிஸ்.

குரு இல்லாவிட்டால் கப்டன் பூசை வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கப்டன் பொதுச் செபம் நடத்தலாம், அது பூசை ஆகாது. அப்புறம், நடுக்கடலில் பூசை கிடைக்காமல் போனால் அது பாவமும் இல்லை.