தலை மந்தமாக இருப்பதற்கு மூலிகை உதவுமா?

மதியத்துக்கு மேல் தலை மந்தமாகிறது, கவனம் நிற்பதில்லை, மூலிகை ஏதாவது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் சொல்வது நீர்ப்பிரமி. அதிலுள்ள பாகோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் நினைவாற்றலுக்கு ஓரளவு உதவுவதாக மனிதர்களிடம் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் பலன் உடனே தெரியாது. பல சோதனைகளில் தினமும் 300 மில்லிகிராம் சாரத்தை 12 வாரம் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் சிலருக்குக் குமட்டும், வயிற்றாலும் போகும். அதனால் சாப்பிட்டபின் எடுங்கள்.

உடனடித் தெளிவுக்குத் தேநீர் நல்லது. அதிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம், காஃபீனோடு சேர்ந்து கவனத்தைக் கூட்டுகிறது. சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், மூளைக்கு நல்லது என்று யாராவது சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மஞ்சளின் குர்குமின் மாத்திரையைத் தொடாதீர்கள்.

அப்புறம், இதற்கெல்லாம் காசு செலவழிக்கும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, தைராய்டு நான்கையும் பரிசோதித்துவிடுங்கள். மந்தத்துக்குக் காரணம் பலருக்கு அங்கேயோ தூக்கக் குறைவிலோ இருக்கும்.