சட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: வறுமை தீர்ந்தால் குழந்தை உழைப்பு தானாக ஒழியும், அதற்குள் சட்டம் போட்டு என்ன பயன்? (வாசகி ஒருவர், சாத்தூர்)

பதில்: வறுமைதான் குழந்தைகளை வேலைக்கு அனுப்புகிறது என்பது பாதி உண்மை. குழந்தைகள் வேலைக்குப் போவதாலேயே வறுமை நீடிக்கிறது என்பது மறுபாதி. உங்கள் வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலையே பாருங்கள். மரச்சட்டகத்தின் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலைக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. தாயோடு இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து அடுக்கினால்தான் அடுப்பெரியும் என்ற அளவிலேயே அந்தக் கூலி நின்றுவிட்டால், பெரியவர்களுக்கு உரிய ஊதியத்தைக் கேட்கும் வலு குடும்பத்துக்கு எங்கிருந்து வரும்? திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணமும் சேர்ந்துகொண்டால், படிக்காத அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையையும் அதே மரச்சட்டகத்தின் முன் உட்கார வைக்கிறது.

சிவகாசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு இந்த முடிச்சைச் சரியாகவே புரிந்துகொண்டது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசாங்கம் வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் குழந்தைகளின் மறுவாழ்வு நிதியில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமோ 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று வாசலைத் திறந்துவைத்தது. வீட்டுத் திண்ணைக்குள் எந்த ஆய்வாளர் எட்டிப்பார்ப்பார்?