ஒற்றை நிற ஓவியமும் வீட்டுச் சுவரும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: புதிய வீடுகளின் கூடத்தில் ஒரே நிறம் பூசிய பெரிய ஓவியங்களை மாட்டுவது வழக்கமாகி வருகிறது. உருவமோ காட்சியோ இல்லாத அவற்றில் மக்கள் அப்படி என்னதான் காண்கிறார்கள்? இது வெறும் அலங்கார மோகம்தானா?

பதில்: மோகமும் ஓரளவு உண்டு. ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொன்னால், நூறாண்டைக் கடந்த ஒரு கலைமரபுக்கு நாம் அநீதி இழைத்தவர்களாவோம். ரஷ்ய ஓவியர் கஸிமிர் மாலெவிச் 1915இல் பெட்ரோகிராட் நகரக் கண்காட்சியில் தமது ‘கருப்புச் சதுர’த்தை மற்ற படங்களின் வரிசையில் வைக்காமல், ரஷ்ய இல்லங்களில் புனிதர் படங்களுக்கென ஒதுக்கப்படும் அறைமூலையின் உச்சியில் மாட்டினார். ஓவியம் அறையில் எந்த இடத்தில் அமர்கிறது என்பதும் அதன் பொருளில் சேரும் என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். 1918இல் அவர் வெள்ளைப் பரப்பின்மீது சற்றே சாய்ந்த மற்றொரு வெள்ளைச் சதுரத்தை வரைந்தார். உள்ளே இருக்கும் வெள்ளையில் இலேசான நீலச் சாயல் உண்டு. சுற்றியுள்ள வெள்ளையில் அது இல்லை. அந்த நூலிழை வேறுபாட்டில்தான் முழு ஓவியமும் நிற்கிறது.

அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் ஐந்தடிக்கு ஐந்தடி அளவில் வரைந்த கருப்பு ஓவியங்களை இன்னும் சிறந்த சான்றாகச் சொல்வேன். முதல் பார்வையில் அவை வெறும் கருப்பாகவே தெரியும். சில நிமிடங்கள் பொறுமையாக நின்றால், கண் பழகப் பழக, சிவப்புச் சாயல், நீலச் சாயல், பச்சைச் சாயல் கொண்ட கருப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து சிலுவை போன்ற அமைப்பாகத் தெளியும். பரப்பில் துளியும் பளபளப்பு வரக்கூடாது என்பதற்காக அவர் வண்ணத்திலிருந்த எண்ணெயையே வடித்தெடுத்துவிட்டார். கவனத்தை இழுக்கும் வேறெதுவும் இல்லாதபோது மிகச்சிறிய வேறுபாட்டையும் கண் தேடிப் பிடிக்கிறது. திரைகளும் பொருள்களும் எழுத்துகளும் நாள் முழுவதும் கண்ணை அலைக்கழிக்கும் இக்காலத்தில், இந்த ஓவியங்களின் உண்மையான ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் 1979 முதல் கருப்பு வண்ணத்தைத் தடிமனாகப் பூசி, அதில் கோடுகளாகக் கீறி, வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி வரைந்தார். பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் கருப்பாய் இருந்த வரி வெள்ளியாய் மின்னும். அத்தகைய ஓவியம் காலையில் ஒன்றாகவும் விளக்கேற்றிய பின் வேறொன்றாகவும் தோன்றுவதால், அன்றாடம் அதனோடு வாழ்பவர்களுக்கு அலுப்பதில்லை. நிறம் ஒன்றாக இருந்தாலும் பரப்புக்கு உயிர் இருக்க வேண்டும். அது இல்லாத ஓவியம் சுவருக்குப் பூசிய சாயத்தைவிட மேலானதன்று.

கேள்வி: வெள்ளைச் சுவரில் வெள்ளை ஓவியம் மாட்டினால் எடுபடுமா? எங்கே, எப்படி மாட்டுவது?

பதில்: நன்றாகவே எடுபடும், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால். சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரைத் தவிர்த்து, சன்னலை ஒட்டிய பக்கச்சுவரைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் தூரிகைத் தடங்கள் ஒவ்வொன்றும் சிறு நிழலை வீழ்த்தும். சட்டத்தின் ஆழம் ஒன்றரை அங்குலமாவது இருந்தால், ஓவியத்தின் விளிம்பு நிழலே அதைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 57 அங்குல உயரத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் பொருந்தும். கண்ணாடி வேண்டவே வேண்டாம், அதிலும் கருப்பு ஓவியத்துக்கு: கண்ணாடி போட்ட கணமே ஓவியம் மறைந்து அறையின் பிம்பம் மட்டுமே தெரியும். விளக்கையும் கவனியுங்கள். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். 2700 கெல்வின் விளக்கு வெள்ளையை மஞ்சளாக்கும். 6500 கெல்வின் விளக்கு அதே வெள்ளையை நீலமாக்கும்.

கேள்வி: அச்சிட்ட பிரதி வாங்கலாமா, நானே வரைந்து பார்க்கலாமா?

பதில்: நீங்களே வரையுங்கள். அச்சில் வராமல் போவது மேற்பரப்புதான். இவ்வகை ஓவியத்தில் இருப்பதும் அதுவே. அக்ரிலிக் வண்ணத்தோடு, பூச்சைத் தடிமனாக்கும் பசையான மாடலிங் பேஸ்ட் கலந்து, தட்டையான கத்தியால் ஒரே திசையில் இழுத்துப் பூசி, நன்கு காய்ந்தபின் மெல்லிய இரண்டாம் பூச்சு கொடுங்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த வெள்ளை, இருட்டான அறையில் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதால், தொடங்குபவர்களுக்கு அக்ரிலிக்கே ஏற்றது. அக்ரிலிக் காயும்போது ஓரிரு சாயல் அடர்ந்துவிடும். ஆகவே முதலில் ஓர் அடிச் சதுரத்தில் பூசி, அதை மாட்டப்போகும் சுவரிலேயே வைத்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகு பெரிய பரப்பைத் தொடங்குங்கள்.