‘இனி விற்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: பண்ணைக்காடு பக்கம் எனக்கு 2 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சுருட்டுப் பழக்கம் உண்டு. வேடசந்தூரில் இருக்கும் மைத்துனரிடம் நாட்டுப் புகையிலை நாற்று வாங்கி, வீட்டுக்குப் பின்னால் 40 செடி வைத்தேன். இலையை விறகுக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி நானே சுருட்டிக் குடிக்கிறேன். பாதைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, நான் புகையிலை பயிரிட்டு விற்பதாகக் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, ‘இனி விற்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் மனுவை முடித்துவிடலாம் என்கிறார். நான் விற்கவே இல்லை. மாடி அறையில் வாடகைக்குத் தங்க வந்த பையன்கள் கேட்டதால் ஒரு கட்டு கொடுத்தேன். அவர்களாகவே ஜிபேயில் 300 ரூபாய் போட்டார்கள். சொந்த உபயோகத்துக்குச் செடி வைப்பது குற்றமா? பங்காளி மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் 6 பக்கம். அதில் பாதிக்கு மேல் பங்காளியைப் பற்றித்தான். அவர் மிளகுக் கொடியை அறுத்தது, உங்கள் பெண் கல்யாணத்துக்கு வராதது எல்லாம் வருத்தம்தான், வழக்குக்கு உதவாது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே 300 ரூபாய், எனக்கு அது ஒன்றுதான் கவலை.

செடி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சொந்தப் பட்டா நிலத்தில் நாட்டுப் புகையிலை வளர்த்து, நீங்களே குடித்தால் அதற்காக வழக்கு வராது. குண்டூரில் இருக்கும் புகையிலை வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது, சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலைக்கு மட்டும். அப்பா காலத்தில் கலால்காரர்கள் வந்து இலையை எடை போட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். இலைப் புகையிலைக்கு இருந்த அந்த வரி 1979-லேயே போய்விட்டது. வெளிநாட்டு வர்ஜீனியா விதையைத் தபாலில் வரவழைக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பதிவும் வேண்டும், விதை இறக்குமதிக்கு அனுமதியும் வேண்டும்.

சரி, 300 ரூபாய்க்கு வருவோம். ‘ஒரு கட்டு’ கொடுத்தேன் என்கிறீர்கள். இலைக் கட்டா, சுருட்டுக் கட்டா? 2003ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் சுருட்டு பேர் சொல்லியே இருக்கிறது. வெறும் உலர்ந்த இலை என்றால் நான் வாதாட இடமுண்டு. நீங்கள் சுருட்டிக் கட்டிய சுருட்டு என்றால், எச்சரிக்கைப் படம் இல்லாத சுருட்டைத் தயாரித்துக் கொடுத்தவர் ஆகிவிடுகிறீர்கள். தயாரிப்பவருக்கு முதல் தடவையே 2 வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்’ என்பது எடுபடாது. அந்தச் சட்டத்தில் பண்டமாற்றுகூட விற்பனைதான். பொது இடத்தில் புகைத்தவர் 200 ரூபாய் கட்டிவிட்டுப் போவதுபோல இதை ஸ்டேஷனிலேயே கட்டி முடிக்கவும் முடியாது. ஜாமீன் கிடைக்கும். ஆனால் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பையன்களுக்கு என்ன வயது? கடிதத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தும் இல்லாதது இதுதான். கல்லூரி முதல் வருடப் பையனுக்கு 17 வயதுதான் இருக்கும். 18 நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தாலே, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் 7 வருடம் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தங்க வந்தபோது வாங்கிய ஆதார் நகலை இன்றைக்கே எடுத்து, பிறந்த தேதியைப் பாருங்கள்.

இப்போது கிராம நிர்வாக அலுவலர் கேட்கும் கடிதம். என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான். ‘இனி விற்க மாட்டேன்’ என்ற வரியில் ‘இனி’ என்ற சொல்லைப் பாருங்கள். இதுவரை விற்றேன் என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகத்தான் அதைப் படிப்பார்கள். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து உங்கள் மீது குற்றத்தை நிரூபிக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர் போலீஸ் அதிகாரி இல்லை. அவரிடம் எழுதிக் கொடுத்தது கோர்ட்டில் செல்லும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், கையிலிருக்கும் மனுவை முடிக்கப் பார்க்கிறார். ஆனால் அந்தத் தாள் தாலுகா அலுவலகக் கோப்பில் ஏறிவிடும். வேறொரு விவகாரத்தில், ‘பெரிய மனதுடன் மன்னிக்கவும்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கட்சிக்காரருக்காக மூன்று வருடம் நடந்தேன். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்த பிறகும் அந்த அரைப் பக்கம் மட்டும் அசையவில்லை.

எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், இன்ன சர்வே எண்ணில் சொந்த உபயோகத்துக்காக 40 செடி வளர்த்தேன் என்பதோடு நிறுத்துங்கள். அதையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். ‘யாருக்கும் ஒரு இலைகூடக் கொடுத்ததில்லை’ என்று பொய்யும் எழுத வேண்டாம், ஜிபே கணக்கில் தேதியும் நேரமும் இருக்கிறது. அதை அழிக்கவும் பார்க்காதீர்கள். பையன்களுக்கு போன் போட்டு, ‘வாடகைப் பணம் என்று சொல்லுங்கள்’ என்று கேட்கவே கூடாது. அந்த போன் பேச்சை ஒருவர் பதிவு செய்தால், சாட்சியைக் கலைத்தார் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். அதிகாரியிடம் நல்லெண்ணத்தில் கொடுத்த புகாருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. போதாததற்கு, 300 ரூபாயை அவருடைய வக்கீல் உங்கள் வாயிலிருந்தே வரவழைப்பார்.

மனம்விட்டுச் சொல்கிறேன், பங்காளியோடு சமாதானமாகப் போங்கள். குதிரையில் காப்பி மூட்டை இறக்க 4 அடிப் பாதை கேட்கிறார், அவ்வளவுதானே? நீங்கள் சண்டையைத் தொடர்ந்தால் அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் இன்னொரு மனு போகும். நில அளவர் சங்கிலியோடு வருவார், ஓடைப் புறம்போக்கில் 5 சென்ட் உங்கள் வேலிக்குள் இருந்தால் பி மெமோ, அதாவது ஆக்கிரமிப்பு நோட்டீஸ், வரும். மாடி அறையை வாடகைக்கு விட என்ன அனுமதி வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் வரும். கொடைக்கானல் தாலுகாவில் அனுமதி இல்லாத விடுதிகளுக்கு சீல் வைத்தது உங்களுக்கே தெரியும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். பாதை உரிமையை அகலம், நீளம் குறித்து எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். மனுவை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என்று அவர் தாசில்தாருக்கு எழுதட்டும். மேலே விசாரணைக்குப் போகும் முன்பு, இந்த வாரமே இதைச் செய்யுங்கள். சுருட்டு உங்கள் திண்ணையைத் தாண்ட வேண்டாம். தங்க வருகிறவர்கள் கேட்டால் கடையைக் காட்டிவிடுங்கள்.

முதலில் அந்த ஆதார் நகல். யாருக்காவது 18 நிரம்பவில்லை என்றால் சமாதானப் பேச்சைக்கூட நிறுத்திவிட்டு, பட்டா நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் ஒரு குற்றவியல் வக்கீலைப் பாருங்கள்.