முதலாளி கடையில் திருடலாம் என்று கூட வேலை செய்பவர் கூப்பிட்டால்?

ஓவர்டைம் பணம் வராத கோபத்தில் நண்பர், "பெட்டகச் சாவி உன்கிட்டதானே, முதலாளிக்கு இதெல்லாம் சில்லறை" என்கிறார், பேச்சுதானே என்று சிங்கப்பூர் தேக்கா வட்டார நகைக்கடையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சோடு நிற்காது, தம்பி. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டப்படி, இருவர் ஒரு குற்றத்தைச் செய்ய ஒத்துக்கொண்டாலே அது சதி. பெட்டகத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம். "சரி, பார்க்கலாம்" என்ற வாட்ஸ்அப் பதில்கூட உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். ஊழியரே முதலாளியிடம் திருடினால் 381ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. முடியாது என்று இன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆளை மிரட்டிக் கொள்ளையடிக்கும் திட்டமென்றால், காவல்துறையிடம் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை.

அவர் கோபம் நியாயம்தான். சம்பளப் பாக்கியை வேலையில் இருக்கும்போது 1 ஆண்டுக்குள், விட்டபின் 6 மாதத்துக்குள் TADM எனும் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பு வழியாகக் கோரலாம். சம்பளச் சீட்டையும் வேலை நேரக் குறிப்பையும் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.