இத்தாலிக் குடும்பத்தில ஆப்பிரிக்கக் கலப்பு இருக்குமோ, அதை எப்பிடித் தேடிப் பிடிக்கிறது?

கேள்வி கேட்டவ எழுதியிருக்கிறது இதுதான்: மனுசன்ர குடும்பம் சிசிலியில திராபானிப் பக்கம், டிஎன்ஏ டெஸ்ட்டில 3 வீதம் வட ஆப்பிரிக்கா எண்டு வந்திருக்கு, மாமியாரிட்டக் கேட்டா முகத்தைத் திருப்புறா, இது உண்மையான கலப்போ இல்லாட்டி கொம்பனிக்காரன் சும்மா போட்ட நம்பரோ. நீங்கள் லண்டனிலயோ கனடாவிலயோ இருக்கிற ஆள் எண்டு நினைக்கிறன், நான் பலெர்மோவிலயே இருக்கிறன், யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இஞ்சத்த ஆளைத்தான் கட்டினனான், அதால இந்தக் கேள்வியப் பாத்திட்டு எழுதாமல் போக ஏலாமல் போச்சு. முதலே சொல்லிப்போடுறன், நான் ஜெனெற்றிக்ஸ் படிச்ச ஆள் இல்லை, "இத்தாலியர் எல்லாரும் கலப்பு" எண்டும் சொல்ல வரேல்ல, கீழ வந்து சண்டை பிடிக்காதேங்கோ.

உங்கட 3 வீதத்துக்கு நித்திரை முழிக்கத் தேவையில்லை. 827ல வட ஆப்பிரிக்காவில இருந்து வந்த அரபு, பெர்பர் படை இறங்கினதே உங்கட மனுசன்ர மாகாணத்தில, மசாராவில. 831ல பலெர்மோ விழுந்திட்டுது, வட பிரான்சுப் பக்கமிருந்து வந்த நோர்மன்காரர் அதைத் திருப்பிப் பிடிக்க 1072 ஆச்சு, அதுக்குப் பிறகும் முஸ்லிம் சனம் இஞ்சதான் இருந்தது, 13ம் நூற்றாண்டில இரண்டாம் பிரெடெரிக் ராசா மிச்சம் இருந்தவையப் பிடிச்சுப் தெற்கு இத்தாலியில புலியாப் பக்கம் லுசேரா எண்ட ஊருக்கு அனுப்பும் மட்டும். இடையில மதம் மாறிக் கலந்து போன சனம் எவ்வளவோ. அதால மேற்கு சிசிலிக்காரர் கனபேருக்கு இப்பிடிக் கொஞ்சம் வரும், அது ஒரு குடும்பத்தின்ர ரகசியம் இல்லை, தீவின்ர கணக்கு.

எங்கட வீட்டுக் கதை வேற. இவற்ற பிறந்தநாளுக்கு மச்சாள் ஒரு டெஸ்ட் கிற் வாங்கிக் குடுத்தவ, துப்பி அனுப்பினார், 11 வீதம் எத்தியோப்பியா, எரித்திரியாப் பக்கம் எண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, "நாங்கள் அரபிகள்தானே, தெரிஞ்ச விசயம்தானே" எண்டு மாமாவின்ர தம்பி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுறார். மாமியின்ர பல்கனியில, கல்தாஜிரோனே எண்ட சிசிலி ஊரில செய்த மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) தலைச் சட்டி இரண்டு இருக்கு, ஒண்டு கறுத்த மனுசன், மற்றது வெள்ளைப் பொம்பிளை, பலெர்மோவின்ர பழைய பகுதி கல்சாவில இருந்த ஒரு பெட்டை தன்னை ஏமாத்தின மூர்க் காதலன்ர தலையை வெட்டி அதுக்குள்ள பசிலிக்கோ (துளசி மாதிரி ஒரு செடி) நட்டவளாம் எண்டு கதை. அந்தக் கதையை விருந்தாளியளுக்கு எல்லாம் சொல்லுவா. அதே மாமி, கறுப்புச் சாமி சான் பெனெடெத்தோவுக்கு மெழுகுதிரியும் கொளுத்துவா. அவர் 1500களில சான் பிராத்தெல்லோ எண்ட சிசிலி ஊரில ஆப்பிரிக்க அடிமைத் தாய் தகப்பனுக்குப் பிறந்து பலெர்மோவில துறவியா இருந்து செத்தவர், 1807ல புனிதர் பட்டம் குடுத்தவை. அந்தக் காலம் சிசிலியில வீட்டு வேலைக்கும் தோட்டத்துக்கும் ஆப்பிரிக்க அடிமையள் இருந்தவை, அவையின்ர வழியும் இந்தச் சனத்துக்குள்ளதான் கரைஞ்சு கிடக்கு. இதெல்லாம் கதைக்க இவையளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்தினது எண்டா பெருமை, நொன்னா, அதான் பாட்டி, அவ காலத்து எண்டா வாயில பிளாஸ்ரர்.

இந்த 11 வீதம் அரபுக் காலத்தது எண்டு சொன்னது எனக்குச் சரிப்பட்டு வரேல்ல, ஏன் எண்டா கணக்கு அப்பிடி. ஒரு முன்னோர் முழு ஆப்பிரிக்கர் எண்டா அவற்ற பிள்ளைக்கு 50, பேரப்பிள்ளைக்குச் சுமார் 25, பூட்டப்பிள்ளைக்குச் சுமார் 12, ஏழு தலைமுறை போனா ஒரு வீதமும் தேறாது, அதுக்கு அங்கால போனா அந்த ஆளின்ர டிஎன்ஏ ஒரு துண்டு கூட உங்களிட்ட வராமல் போகலாம். அரபுக் காலம் முப்பது தலைமுறைக்கு மேல. அதில இருந்து 11 வீதம், அதுவும் எரித்திரியாவில இருந்து, எப்பிடி வரும்? நான் கேட்டன். மேசையில ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல, மாமி கோப்பி போட எழும்பிப் போட்டா.

இவற்ற தாய்வழி டிஎன்ஏயைப் பாத்தா 'எல்' எழுத்தில தொடங்கிற குறூப், ஆப்பிரிக்காவில வேர் உள்ளது. தாய்வழி எண்டா அம்மா, அம்மாவின்ர அம்மா எண்டு நேர்கோட்டில போறது. அப்ப மாமியின்ர அம்மா, அதான் நொன்னா, அவவின்ர அம்மா ஆர்? வீட்டில சொல்லுற கதை, அவ சிசிலியில மெசினா நகரத்துக்காரி, அங்க வந்த 1908 பூமியதிர்ச்சியில செத்துப்போனா, அதான் படமும் இல்லை பேப்பரும் இல்லை. நல்ல கதை, மெசினா முழுக்க இடிஞ்சு விழுந்த நேரம், ஆரும் போய்த் தேட மாட்டினம். ஆனா நொன்னாவின்ர கல்லறையில பிறந்த வருசம் 1914 எண்டு செதுக்கிக் கிடக்கு. செத்து ஆறு வருசம் கழிச்சு எப்பிடிப் பிள்ளை பெறுறது? இவ்வளவு காலமும் கார்த்திகை மாசம் இறந்தவர்கள் திருநாளுக்குப் போய்ப் பூ வைச்ச சனம் ஒண்டும் இதைக் கூட்டிக் கழிச்சுப் பாக்கேல்ல, இல்லாட்டி பாத்திட்டும் பேசாமல் இருந்திருக்கினம், இரண்டாவதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

பிறகு பேப்பர் தேடினம். இத்தாலி ஆர்க்கைவ்காரரின்ர அந்தெனாத்தி எண்ட தளத்தில பிறப்பு, கலியாணம், இறப்புப் பதிவுகள் இலவசமா இருக்கு, சிசிலிக்கு 1820ல இருந்து பதிவு இருக்கு, ஆனா எல்லா ஊரும் ஏத்தி முடியேல்ல. ஊர்ப் பிறப்புப் புத்தகத்தின்ர முதல் பகுதியில நொன்னா இல்லை. இரண்டாம் பகுதியப் பாருங்கோ, கனபேர் அதைப் பாக்கிறதில்லை, வெளியில பிறந்து பிறகு ஊரில பதிஞ்ச பிள்ளையள் அதுக்குள்ளதான் வரும். அதில நொன்னா பிறந்த இடம் அஸ்மரா, எரித்திரியாவின்ர தலைநகர். தகப்பன் பேர் சரி. தாய்க்குப் பேர் இல்லை, "தன் பெயரைக் குறிப்பிடச் சம்மதிக்காத பெண்" எண்டு இருக்கு. கலியாணம் கட்டாமல் பிறந்த பிள்ளையளுக்கு இத்தாலியில வழமையா எழுதுற வசனம்தான் அது, ஆனா அஸ்மராவில அந்தப் பெண்ணிட்ட ஆர் போய்ச் சம்மதம் கேட்டவை?

தகப்பன்ர இராணுவச் சேவைப் பத்திரமும் மாகாண ஆர்க்கைவில கிடைச்சுது, எரித்திரியாவின்ர துறைமுகம் மசாவாவுக்குக் கப்பல் ஏறினது எழுதியிருக்கு. எரித்திரியா 1890ல இருந்து இத்தாலிக் கொலனி, மசாவாவில இருந்து போட்ட ரயில் பாதை 1911லதான் அஸ்மராவுக்கு வந்து சேந்தது, இவர் சேவை முடிஞ்சும் அங்கயே நிண்டு அந்தப் பக்கம் வேலை செய்திருக்கிறார். அந்தப் பத்திரத்தில உயரம், மயிர், கண், தோல்நிறம் எல்லாம் எழுதுவினம், அதைப் பாத்துக் கலப்பு எண்டு முடிவு கட்டாதேங்கோ, சிசிலியில பாதிப் பேருக்கு மாநிறம் எண்டுதான் போட்டிருக்கும், இவருக்கும் அப்பிடித்தான்.

மெசினாக் கதையை ஏன் கட்டினவை எண்டு இப்ப விளங்குது. நொன்னா கலியாணம் கட்டினது 1939ல. 1937ல கொலனிப் பெண்ணோட குடும்பம் நடத்தின இத்தாலியனுக்கு ஐஞ்சு வருசம் வரைக்கும் மறியல் எண்டு சட்டம், 1938 நவம்பரில "ஆரிய இன" இத்தாலியர் வேற இனத்தவரைக் கட்டக்கூடாது எண்டு சட்டம், 1940ல கொலனிப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையைத் தகப்பன் தன்ர எண்டு பதியவே ஏலாது எண்டு இன்னொண்டு. அந்தப் பயத்துக்க பொய் சொன்னதை நான் பிழை எண்டு சொல்ல மாட்டன். ஆனா முசோலினி போய் எவ்வளவு காலம்?

இன்னொரு விசயம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனா சொல்லாட்டி எனக்கு ஆறாது. பிரதி எடுக்க ஒரு அலுவலகத்துக்குப் போனா, கண்ணாடிக்குப் பின்னால இருந்தவ என்னைப் பாத்து "நீங்கள் பாக்கிற கிழவிக்கோ பேப்பர்?" எண்டு கேக்கிறா. தமிழ்ப் பொம்பிளை எண்டா வயசானவையப் பராமரிக்க வந்த ஆள்தான். அந்த வேலையில ஒரு குறையும் இல்லை, நானும் செய்தனான், ஆனா நான் இந்தக் குடும்பத்து மருமகள் எண்டு சொன்ன பிறகும் மனுசன்ர கையெழுத்து வேணும் எண்டு திருப்பி அனுப்பினவ. 70 வருசம் கடந்த பிறப்புப் பதிவை ஆரும் கேட்டு எடுக்கலாம், சட்டம் எனக்குத் தெரியும், அவவுக்குத் தெரியேல்ல. எங்கட ஆக்களின்ர பேரை வேற மாத்திப் போட்டு, அப்பாவின்ர பேரைக் குடும்பப் பேராக்கி, ஒரே வீட்டில நாலு பேருக்கு நாலு குடும்பப் பேர், அதைத் திருத்தப் போனா இன்னும் பிழையா வரும், சரி அதை விடுங்கோ.

"வெள்ளைக்காரன் வீட்டு ரகசியத்தை நீ ஏன் கிண்டுறாய்" எண்டு எங்கட சொந்தத்துக்குள்ளயே கேட்டவை. என்ர பிள்ளையளுக்கும் அந்த அஸ்மரா மனுசி பாட்டி முறைதானே. பேரில்லாத மனுசியை விட்டிட்டு, ஆரெண்டே தெரியாத அரபியைக் கொண்டாடச் சொன்னா என்னால ஏலாது. மாமி இப்பவும் "அரபுதான், அரபுதான்" எண்டுதான் நிக்கிறா, இவற்ற தம்பி மட்டும் பிறப்புப் பதிவைப் பிரேம் போட்டு மாட்டி வைச்சிருக்கிறார்.

உங்களுக்குச் சொல்லுறது, மாமியார் சம்மதிச்சா அவவின்ர டெஸ்ட்டையும் எடுங்கோ, அவவில 3 வீதத்தை விடக் கூட வந்தா தாய் பக்கம், ஒண்டும் இல்லை எண்டா தகப்பன் பக்கம் தேடலாம், மாமியார், மாமனார் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தா அது திராபானிக் காத்து, விட்டிடுங்கோ. ஆர்க்கைவுக்கு நேர போறதெண்டா ஓகஸ்ட் மாசம் மட்டும் போகாதேங்கோ, ஒருத்தரும் இருக்க மாட்டினம்.